கடலும் திடலும் பார்த்த ஓட்டல்

கொழும்பு கடற்கரையில் ஒரு பழைய ஓட்டல் இருக்கிறது. பெயர் "கால் பேஸ் ஓட்டல்." தொடங்கிய ஆண்டு 1864. நம் ராயபுரம் ரெயில் நிலையத்தைவிட எட்டே வயதுதான் இளையது!

மேற்குப் பக்கம் பார்த்தால் கடல். வடக்குப் பக்கம் பார்த்தால் பெரிய புல்வெளி. அதை அங்குள்ள தமிழர்கள் "காலி முகத்திடல்" என்கிறார்கள்.

முன்பு கொழும்புக்குப் போக வேண்டுமானால் எழும்பூரில் "போட் மெயில்" ஏற வேண்டும். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் பிடிக்க வேண்டும். தலைமன்னாரில் மறுபடியும் ரெயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அந்த வழியும் போயிற்று. இப்போது சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரப் பயணம்.

வாசலில் நின்றவர்

இந்த ஓட்டலில் ராஜாக்களும் மந்திரிகளும் தங்கியிருக்கிறார்கள். ஆனால் அவர்களைவிடப் புகழ் பெற்றவர், வாசலில் நின்ற குட்டன்! கேரளத்தில் பிறந்து, பிழைப்புத் தேடி இலங்கை போனவர். 1942-ல் வேலைக்குச் சேர்ந்தார். வெள்ளை உடை, வெள்ளை மீசை. வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்பார். 70 ஆண்டுகளுக்கு மேல் அதே ஓட்டலில் வேலை பார்த்தார். 2014-ல் காலமானார். அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ளாத பிரயாணிகள் குறைவு.

இறால் வடை

திடலில் கடலோர நடைபாதை அமைத்தவர் வெள்ளைக்கார கவர்னர் ஹென்றி வார்ட். 1859-ல் வேலை முடிந்தது. கொழும்பு நகரப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று கல்லில் பொறித்து வைத்தார்.

மாலையானால் குழந்தைகள் பட்டம் விடுகிறார்கள். வண்டிகளில் வடை விற்கிறார்கள். வடையின் மேல் முழு இறால் உட்கார்ந்திருக்கும்! காசிமேட்டுக்காரர்கள்கூட ஒரு கை பார்க்கலாம். ஓட்டலில் அறை எடுக்கப் பணம் வேண்டும். திடலுக்கு வாடகை கிடையாது.

சத்தியாக்கிரகம்

திடலின் தெற்குக் கோடியில் ஓட்டல். வடக்குக் கோடியில் அந்நாளைய பாராளுமன்றம். 1956 ஜூன் 5-ந் தேதி, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற மசோதா அங்கே வந்தது. செல்வநாயகம் தலைமையில் தமிழர்கள் திடலில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். ஒரு கும்பல் பாய்ந்து அடித்தது. அவர்கள் திருப்பி அடிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது.

2016 பிப்ரவரி 4. அதே திடலில் சுதந்திர தின விழா. தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். 1949-க்குப் பிறகு அரசாங்க சுதந்திர விழாவில் அதுவே முதல் தடவை. கேட்டவர்கள் சிலருக்குக் கண் கலங்கியது என்றால் வியப்பில்லை.

கஞ்சி

2022 ஏப்ரல் மாதம். பெட்ரோல் இல்லை. சமையல் எரிவாயு இல்லை. மின்சாரமும் பல மணி நேரம் இல்லை. ஜனங்கள் திடலில் கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்சே நாட்டை விட்டே ஓடினார்.

அந்தப் போராட்டத்தின் நடுவே மே 18 வந்தது. 2009-ல் முள்ளிவாய்க்காலில் மாண்ட தமிழர்களை நினைக்கும் நாள். போரின் கடைசி நாட்களில் அந்த ஜனங்களுக்குக் கிடைத்த உணவு கஞ்சிதான். அதே கஞ்சியைக் காய்ச்சித் திடலில் ஊற்றினார்கள். தமிழர் குடித்தார்கள். முஸ்லிம்கள் குடித்தார்கள். சிங்கள இளைஞர்களும் கையில் வாங்கிக் குடித்தார்கள்.