இழுக்க இழுக்க ஏறும் வட்டி: பதற்றத்தைத் தணிக்குமா வேப்?

இரவு 11 மணி. காலையில் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. கை சில்லிட்டுப் போயிருக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, படித்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை. பக்கத்து அறை நண்பன் விடுதி மொட்டை மாடிக்கு அழைத்துப்போய், ஹைலைட்டர் பேனா மாதிரி ஒன்றை நீட்டுகிறான். "ரெண்டே இழுப்பு மச்சான், எல்லாம் அடங்கிடும்." மாம்பழ வாசனை. இழுத்ததும் நெஞ்சு லேசானது போலத்தான் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்து அதே மாணவன் வகுப்பின் நடுவில் கழிப்பறைக்கு ஓடுகிறான். அன்று தேர்வு இல்லை, வைவா இல்லை. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பல கல்லூரி மாடிகளில் நடக்கக்கூடிய கதைதான் இது. ஏன் வேப் இழுக்கிறாய் என்று கேட்டால் "டென்ஷன்" என்று பதில் வரும். அந்தப் பதிலை நான் சாக்காக எண்ணித் தள்ள மாட்டேன். அந்தப் பிள்ளையின் பதற்றம் உண்மை. இழுத்ததும் கிடைக்கும் ஆறுதலும் உண்மை. அந்த ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாததுதான் ஆபத்து.

ஆறுதல் எங்கிருந்து வருகிறது?

வேப் என்பது பேட்டரியில் இயங்கும் இ-சிகரெட். உள்ளே இருக்கும் திரவத்தைச் சூடேற்றி ஆவிப்புகையாக்கித் தருகிறது. பெரும்பாலான திரவங்களில் நிக்கோட்டின் இருக்கிறது. இழுத்த சில விநாடிகளில் அது மூளையை எட்டி, டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. அதனால் ஒரு நிறைவு தோன்றுகிறது. அதே நேரத்தில் அட்ரீனலினும் ஏறுகிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுகின்றன. மனம் அமைதியானதாக நினைக்கும்போதே உடல் ஓட்டப் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. தொடர்ந்து இழுப்பவரின் மூளை அதற்குப் பழகி, அதை எதிர்பார்க்கும் ஏற்பிகளைக் கூடுதலாக வளர்த்து வைத்திருக்கும். நிக்கோட்டின் இறங்கியதும் அவை கேட்கத் தொடங்குகின்றன. எரிச்சல், நிலைகொள்ளாமை, கவனச் சிதறல், படபடப்பு எல்லாம் வருகின்றன. மறுபடி இழுத்தால் அடங்குகின்றன. வேப்தான் காப்பாற்றியது என்று நாம் நம்பிவிடுகிறோம். உண்மையில், முந்தைய இழுப்பு கிளப்பிவிட்ட பதற்றத்தைத்தான் இந்த இழுப்பு அடக்கியது.

ஆயிரம் என்று எழுதிக்கொண்டு தொள்ளாயிரத்தைக் கையில் கொடுக்கும் கந்துவட்டிக்காரரை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அவசரத்துக்கு உதவியவர்போலத் தோன்றுவார். பிறகு வட்டி கட்டவே அவரிடம் கடன் வாங்கும் நிலை வரும். நிக்கோட்டின் தரும் ஆறுதலும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

சிகரெட்டை விட்டவர்களைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து, 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. தொடர்ந்து புகைத்தவர்களைவிட, விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநலச் சிக்கல் உள்ளவர்களிடமும் இதையே கண்டார்கள். அவை சிகரெட் பற்றிய ஆய்வுகள். ஆனால் வேப்பில் இருப்பதும் அதே நிக்கோட்டின்தான்.

உங்கள் படபடப்புக்குக் காரணம் எது?

மூன்று நாட்களுக்கு ஒரு சின்ன நோட்டில் எழுதிப் பாருங்கள்: எத்தனை மணிக்கு இழுத்தேன், அடுத்து எத்தனை மணிக்குப் படபடப்பு வந்தது, அப்போது கவலைப்பட ஏதாவது நடந்ததா? தேர்வுப் பயத்துக்கும் வீட்டுச் சண்டைக்கும் கடிகாரம் கிடையாது. காரணமே இல்லாமல், இழுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் படபடப்பு வருகிறதா? காலையில் கண் விழித்ததும் கை அதைத்தான் தேடுகிறதா? அப்படியென்றால், உங்கள் பதற்றத்தில் ஒரு பெரும் பங்கு நிக்கோட்டினுடையதாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேப் இழுக்கும்போது அறையை விட்டு வெளியே வருகிறீர்கள், ஆழமாக மூச்சிழுத்து மெதுவாக விடுகிறீர்கள், பக்கத்தில் ஒரு நண்பன் நிற்கிறான். இந்த மூன்றுமே பதற்றத்தைத் தணிப்பவை. நிக்கோட்டின் இல்லாமலே இவை உங்களுக்குக் கிடைக்கும்.

உள்ளே இருப்பது என்ன?

"வெறும் தண்ணீர் ஆவி" என்பது தவறான நம்பிக்கை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை ரசாயனங்கள் ஆகியவையே திரவத்தில் அதிகம். சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உருவாகலாம். சூடேற்றும் கம்பியிலிருந்து நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் கலக்கலாம்.

சிகரெட் எரிந்து முடிந்தால் தானே அணைந்துவிடும். வேப்புக்கு அந்த முடிவு இல்லை. போர்வைக்குள்ளும் இழுக்கலாம், எத்தனை இழுத்தோம் என்ற கணக்கும் இருக்காது. நிக்கோட்டின் உப்பு கலந்த திரவங்கள் தொண்டையைக் கரகரக்க வைப்பதில்லை என்பதால், புதிதாகத் தொடங்குபவர்கூட அதிக அளவை இருமலில்லாமல் உள்ளே இழுத்துவிடுகிறார். மூளையின் வளர்ச்சி ஏறத்தாழ 25 வயது வரை தொடர்கிறது. அதற்கு முன் நிக்கோட்டினுக்குப் பழகினால் பிடி இன்னும் இறுகும்.

அமெரிக்காவில் 2019-இல் வேப் இழுத்தவர்களிடையே கடுமையான நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரிக்குள் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், இறந்தவர்கள் என 2,807 பேர் பதிவானார்கள். அவர்களில் 68 பேர் உயிரிழந்தார்கள். கள்ளச் சந்தையில் விற்ற, கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த குப்பிகளில் இருந்த வைட்டமின் இ அசிடேட்டுடன்தான் அந்தப் பாதிப்பு பெரிதும் தொடர்புடையது என்று கண்டறிந்தார்கள். எல்லா வேப்பும் அப்படிச் செய்யும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் இந்தியாவில் வேப் விற்பனைக்கே தடை என்பதால், இங்கே விற்பவை அனைத்தும் கள்ளச் சந்தைச் சரக்குதான். பில் கிடையாது, உள்ளே இருப்பதைச் சோதித்துப் பார்த்த அதிகாரியும் கிடையாது.

"பிரிட்டனில் டாக்டரே வேப் இழுக்கச் சொல்கிறாராமே?" என்று கேட்பார்கள். சிகரெட்டை விட முடியாத பெரியவர்கள் அதற்குப் பதிலாக முழுமையாக வேப்புக்கு மாறினால் தீங்கு குறையும் என்றுதான் அங்கே சொல்கிறார்கள். சிகரெட்டையே தொடாத 19 வயதுப் பிள்ளைக்கு இதில் எந்த லாபமும் இல்லை. ஒருமுறை பயன்படுத்தி வீசும் வேப்பை அதே பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடை செய்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு இ-சிகரெட்டை 2018-இலேயே தடை செய்தது. நாடு முழுவதற்குமான தடை 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டமானது.

• தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

• சரக்கு இருப்பு வைக்கத் தெரிந்தே இடம் கொடுப்பவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நண்பனின் பெட்டியை அறையில் வைத்துக்கொள்ளும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

• இன்ஸ்டாகிராமில் படம் போட்டு விற்பதும், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து கூரியரில் அனுப்புவதும் இதே சட்டத்துக்குள் வரும். உதவி ஆய்வாளரும் அவருக்கு மேற்பட்ட காவல் அதிகாரிகளும் சோதனையிட்டுப் பறிமுதல் செய்யலாம். உங்கள் தெருவில் விற்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

வேப் இழுப்பதற்கென்று இச்சட்டம் தனித் தண்டனை வகுக்கவில்லை. அதை நம்பி வெளிநாட்டிலிருந்து வாங்கி வராதீர்கள், அது இறக்குமதி. சிங்கப்பூர் செல்பவர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல், கையில் வைத்திருப்பதே குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த வேப் பரவியதால், 2025 செப்டம்பரில் அந்த மருந்தைப் போதைப்பொருள் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

உங்களுக்குள்ள உரிமை

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் நடக்கும் மனநல சேவையைப் பெறும் உரிமையை எல்லோருக்கும் தந்திருக்கிறது. உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் ரகசியமாகக் காக்க வேண்டும், விதிவிலக்குகள் சிலவே. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் பாதுகாப்பு தர வேண்டும். எனவே வேப் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கத் தேவையில்லை. எவ்வளவு, எத்தனை நாளாக என்று சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

விடுபடும் வழி

முதலில் ஒரு போன். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416: கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நிக்கோட்டினைக் கைவிட 1800-11-2356 என்ற தேசிய புகையிலைக் கைவிடல் உதவி எண்ணும் இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் நேரில் காட்டலாம். தைராய்டு கூடினாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள்.

பதற்றத்துக்கு நல்ல சிகிச்சைகள் உண்டு. எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் பலன் தருகின்றன. வேப்பைக் கைவிட நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை போன்றவை உதவலாம். மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விட்ட பிறகு 2, 3-ஆம் நாட்கள்தான் கடினமானவை. அப்போது பதற்றம் கூடும். "பார்த்தாயா, அது இல்லாமல் என்னால் முடியாது" என்று மனம் சொல்லும். அது பழைய கடன் தீரும்போது வரும் வலி. பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு தவிப்பும் சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்த நிமிடங்களில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விடுங்கள். தவறி ஒருமுறை இழுத்துவிட்டால் மறுநாளே மீண்டும் தொடங்குங்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு வந்தாலோ, குழந்தை அந்தத் திரவத்தை விழுங்கிவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். வேப் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அந்த நிமிடமே 14416-க்குப் பேசுங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

பிள்ளையின் பையில் பென் டிரைவ் போலவோ பேனா போலவோ ஒன்று கிடைத்தால், "எத்தனை நாளாக?" என்ற விசாரணைக்கு முன் "உனக்கு என்னப்பா கஷ்டம்?" என்று கேளுங்கள். அடித்தால் பழக்கம் இன்னும் மறைவான இடத்துக்குப் போகும், பதற்றம் அப்படியே இருக்கும். பள்ளியும் கல்லூரியும் இடைநீக்க உத்தரவை எழுதும் முன் ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். தண்டனை சரக்கு விற்றவருக்கு. பிள்ளைக்குத் தேவை சிகிச்சை.

அந்த மொட்டை மாடி நண்பனும் கெட்டவனில்லை. தன் நண்பன் தவிப்பதைப் பார்த்து, கையில் இருந்ததை நீட்டினான். அடுத்த முறை அவனே வரட்டும், மாடிக்கும் அழைத்துப் போகட்டும். பேனாவை மட்டும் கீழே விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, 14416-ஐ அழுத்திப் போனை நீட்டட்டும்.