அறுபட்ட விரல் நரம்பும் கையின் மீட்சியும்

அறுவடைக் காலத்தில் அரிவாளினாலும், தீவனம் நறுக்கும் யந்திரத்தினாலும் விரல் அறுபடுவதுண்டு. காயம் சிறிதாயிருப்பினும் விரல் மடங்காவிடில் உள்ளே தசைநாண் அறுந்திருக்கக்கூடும். ஜனங்கள் பொதுவில் நரம்பு என்று சொல்வது இதனையே.

முன்னாளில் கவலை இறைத்தோர் இதன் வேலையை எளிதில் உணர்வர். முன்கையிலுள்ள தசையே மாடு, தசைநாண் வடம், விரல் சால். வடம் அறுந்தால் மாடு எவ்வளவு இழுத்தும் சால் அசையாது. விரலில் இவ்வடம் குறுகியதோர் உறைக்குள் ஓடுகிறது. வைத்தியர் அறுந்த முனைகளைச் சேர்த்துத் தைக்கலாம். எனினும் தைத்த இடம் உறையோடு ஒட்டிக்கொண்டால் விரல் விறைத்துவிடும். இதற்கஞ்சியே முற்காலத்து வைத்தியர்கள் விரலுக்குள் உடனே தைக்கத் தயங்கினர். உடனே தைத்துச் சீக்கிரத்தில் அசைப்பது நற்பயன் தரும் என்பதை அமெரிக்காவில் டாக்டர் கிளைனெர்ட் என்பவரும் அவர் குழுவினரும் 1967-ல் எடுத்துக்காட்டினர். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் வெங்கடசுவாமி 1971-ல் கைச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு ஏற்படுத்தினார்.

ஆகவே அபாயம் இரண்டு. அசைக்காவிடில் ஒட்டிக்கொள்ளும், பலமாக இழுத்தால் தையல் அறும். நானறிந்த குடியானவர் ஒருவர், மூன்றாம் வாரத்தில் மேற்றோல் ஆறியது கண்டு, சிம்பை அவிழ்த்தெறிந்து மண்வெட்டி பிடித்தார். அன்றே தையல் விட்டது. மறுபடி சிகிச்சை செய்தும் அவருடைய இரு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. மேற்றோல் ஆறுவது வேறு, தசைநாண் கூடுவது வேறு.

அனுசரிக்க வேண்டியவை:

1. காயம்பட்டவுடன் சுத்தமான நீரில் கழுவி, சுத்தத் துணியால் அழுத்திக் கட்டுக. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் அப்பலாகாது. மோதிரத்தைக் கழற்றி, கையை உயர்த்திப் பிடித்து, அன்றே ஆஸ்பத்திரி சேர்க.

2. உள்ளங்கைப் பக்கத்துத் தசைநாண் தைத்தபின், மணிக்கட்டும் விரல்களும் நிமிராதபடி புறங்கையில் சிம்பு வைப்பர். அதனைச் சுமார் 6 வாரம் அகற்றலாகாது. புறங்கைத் தசைநாண் அறுந்தவர்க்கு முறை வேறு.

3. சில தினங்களிலேயே பயிற்சி தொடங்குவர். சிம்பு இருக்கும்போதே, மற்றக் கையால் விரலை மெல்ல மடக்கி, சிம்பு தடுக்குமளவு நிமிர்த்துவது பொதுவான முறை. எத்தனை தடவை என்பதை வைத்தியரே சொல்வார். கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

4. 6 வாரத்திற்குப்பின் டம்ளர் பிடித்தல், உணவு பிசைதல் முதலிய இலேசான வேலைகளை வைத்தியர் அனுமதிக்கலாம். மண்வெட்டி, ஏர், மூட்டை இவற்றை 12 வாரம் கழியுமுன் தொடலாகாது.

5. இடையில் சடக்கென்று ஓசை கேட்டு விரல் மடங்காது போனால், தாமதமின்றி வைத்தியரிடம் செல்க.

6. பீடி, சுருட்டு காயம் ஆறுவதைத் தாமதிக்கும், விட்டுவிடுக.

மாமரத்தில் நெருக்கொட்டுக் கட்டினவர் ஒட்டுக் கூடுமுன் கன்றைப் பிரிப்பரோ? மாதக்கணக்கில் பொறுக்கின்றனர். தம் கைக்கும் அப்பொறுமையே வேண்டும். பண்ணையாட்களில் ஒருவர் இவ்வாறு காயமுற்றால், நிலச்சொந்தக்காரர்கள் அவரை 12 வாரம் கடின வேலைக்கு அழைக்காதிருத்தல் வேண்டும். சிகிச்சை முடியும்வரை அவர் ஆஸ்பத்திரிக்குத் தவறாது சென்று வருமாறு கிராம உத்தியோகஸ்தர்கள் கவனித்துக்கொள்வார்களாக. ஒரு பருவ வேலையை விட்டுக்கொடுத்தால் ஆயுள் முழுவதும் உழைக்கும் கை மீளும்.