உலாவியின் உள்ளே - 14: பாட்டர்ஸியில் நிற்கும் பொய்

டம்ப் ரெண்டர் ட்ரீ யாரென்று தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்: வலைப்பக்கத்தைத் திறந்து, எஞ்சின் என்ன வரைந்தது என்பதை எழுத்தாகக் கொட்டும், வெப்கிட் என்ற உலாவி எஞ்சினின் சோதனை நிரல். மற்றதற்குப் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் போலி ஸ்க்ரோல்பாரைப் பற்றி எழுதுவதாக வாக்கு. வெப்கிட்டில் அதன் கோப்பு இருக்கும் அடைவைத் திறந்தேன். பக்கத்திலேயே, இருப்பிடம் சொல்லும் ஜியோலொகேஷனுக்கான போலி இருந்தது. அங்கிருந்து அதன் சோதனைக் கோப்புகளுக்குப் போனேன். அவ்வளவுதான், ஸ்க்ரோல்பார் காலி.

51.478, -0.166, 100. அட்சரேகை, தீர்க்கரேகை, மீட்டரில் துல்லியம். வெப்கிட்டின் இருப்பிடச் சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் எண்கள் இவை. வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். லண்டன்! கிரீன்விச்சுக்குச் சற்று மேற்கே, தேம்ஸுக்குத் தெற்கே, பாட்டர்ஸி பூங்காவை ஒட்டி. ஆல்பர்ட் பாலத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சோதனை மேக்கில் ஓடினாலும் லினக்ஸில் ஓடினாலும், இயந்திரம் எந்தக் கண்டத்தில் இருந்தாலும், "நான் பாட்டர்ஸியில்தான் இருக்கிறேன்" என்று உலாவி கூசாமல் சொல்லும். எண்களும் தோதாக அமைந்துவிட்டன. ஒன்று நேர் எண், மற்றது எதிர் எண். கழித்தல் குறியை எங்கேனும் தவறவிட்டால் உடனே மாட்டிக்கொள்ளும்.

சோதனைக்கு உண்மையான இருப்பிடம் உதவாது. மேக்கில் அதைச் சொல்வது கோர் லொகேஷன், வெப்கிட்டின் ஜிடிகே பதிப்பில் ஜியோக்ளூ. இடத்துக்கு இடம் விடை மாறும். அதனால்தான் சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் மாக் ஆப்ஜெக்ட், அதாவது போலி. அதை யார் எழுதுவது? மேக், விண்டோஸ், ஜிடிகே, க்யூடி, குரோமியம் என்று வெப்கிட்டுக்கு அப்போது பல போர்ட்டுகள், அதாவது தளத்துக்கேற்ற பதிப்புகள், இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டம்ப் ரெண்டர் ட்ரீ. ஆளுக்கொரு போலியை எழுதிக்கொண்டால், வகுப்புக்கொரு வினாத்தாள் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை ஒப்பிட்ட கதையாகிவிடும். ஒரே சோதனை இங்கே தேறி அங்கே தோற்றால், பிழை எஞ்சினிலா போலியிலா என்றே தெரியாது.

2010-ல் எழுதப்பட்ட ஜியோலொகேஷன் கிளையண்ட் மாக் இதற்கான விடை. எல்லா போர்ட்டுக்கும் பொதுவான வெப்கோருக்குள்ளேயே அதை வைத்துவிட்டார்கள். சாதனத்தின் திசைக்கான போலியும் பேச்சு உள்ளீட்டுக்கான போலியும் அதே அடைவில் குடியேறின. போர்ட்டுக்கு மிஞ்சிய வேலை, சோதனைப் பக்கம் டம்ப் ரெண்டர் ட்ரீயிடம் சொல்லும் எண்களை அந்தப் போலிவரை கொண்டுசேர்ப்பது மட்டும். இதற்கு ஒரு விலையும் உண்டு: சோதனைக்கு மட்டுமே வேண்டிய நிரல், பயனர் கைக்குப் போகும் நூலகத்தில் இடம்பிடித்துவிட்டது.

நல்ல போலி அவசரப்படாது. கேட்ட மாத்திரத்தில் பதில் தராமல் டைமர் வைத்து, கேட்ட அழைப்பு முடிந்த பிறகே இது பதில் சொல்லும். நிஜச் சாதனமும் அப்படித்தானே நடந்துகொள்ளும்? அதைவிட வேகமான போலியை வைத்துச் சோதித்தால், காத்திருக்கும் நேரத்தில் வரும் பிழைகள் தப்பிவிடும். அனுமதி கேட்டு எத்தனை கோரிக்கைகள் காத்திருக்கின்றன என்றுகூட இந்தப் போலியிடம் விசாரிக்கலாம்.

ஃபயர்ஃபாக்ஸ்காரர்கள் பொய்யை வேறு இடத்தில் வைத்தார்கள். உலாவிக்குள் இருக்கும் ஆப்ஜெக்டை மாற்றாமல், இருப்பிடம் சொல்லும் சர்வரையே போலியாக்கினார்கள். அது சொல்லும் இடம் 37.41857, -122.08769, கலிஃபோர்னியாவின் மௌண்டன் வியூ. மொசில்லாவின் அலுவலகம் இருந்த அதே ஊர்! துல்லியம் 42 மீட்டர். டக்ளஸ் ஆடம்ஸின் நாவலில் எல்லாவற்றுக்கும் விடையாக 42 வருவதைப் படித்தவர்கள் இங்கே சிரிக்கலாம்.

சிரித்து முடித்ததும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். சர்வர் போலியானால், சர்வரோடு பேசும் உலாவியின் நிரலும் சேர்ந்தே சோதிக்கப்படும். வெப்கிட்டின் போலி அத்தகைய நிரலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால், கோர் லொகேஷனோடு பேசும் பகுதியைச் சோதனை தொடுவதே இல்லை. எல்லோரும் பகிர்ந்துகொள்ளும்படி போலியை மேலே ஏற்ற ஏற்ற, அதற்குக் கீழே சோதிக்கப்படாமல் கிடக்கும் பகுதியும் பெருகும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் சொந்தமான நிரல் இருப்பதோ அந்தக் கீழ்த்தளத்தில்தான்.

ஒரே போலியைப் பகிர்ந்துகொண்ட போர்ட்டுகளின் கூட்டுக்குடும்பமும் நிலைக்கவில்லை. 2013 ஏப்ரல் 3 அன்று, வெப்கிட்டிலிருந்து கிளைத்த ப்ளிங்க் எஞ்சினை அறிவித்து, குரோமியத்தின் கூகுள் பிரிந்தது. தன் கிளையிலிருந்து 7 பில்ட் சிஸ்டம்களையும் 7,000-க்கு மேற்பட்ட கோப்புகளையும் 45 லட்சத்துக்கு மேற்பட்ட வரிகளையும் உடனே நீக்கிவிடலாம் என்றது. சேர்ந்து வளர்த்த போலிகள் என்ன ஆயின என்பது தனி அத்தியாயம்.

அடுத்த வாரம் ஸ்க்ரோல்பார், நிச்சயமாக. எக்ஸ் என்று தட்டினால் முழுக் கறுப்புச் சதுரம் காட்டும் ஆஹெம் எழுத்துரு மட்டும் குறுக்கே வராமல் இருக்கவேண்டும்.