வண்ணத்தைக் கொப்புளிக்கச் செய்யும் காற்று

1953இல் அமெரிக்காவில் வெளிவந்த கார்வெட் காரின் உடற்பகுதி இரும்பால் ஆனதன்று. கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்து உருவானது. இத்தகைய கார்களின் பானெட்டில் ஊசிமுனை அளவான துளைகள் தென்படுவதுண்டு. பிசின் இறுகியபோது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகளே இவை. மேலே வண்ணம் பூசி மறைத்துவிட்டால் என்ன?

27 டிகிரி செல்சியசில் அடைபட்ட காற்று, வெயிலாலும் எஞ்சின் சூட்டாலும் 77 டிகிரியை அடைவதாகக் கொள்வோம். விரிய இடமில்லாததால் அதன் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு உயரும். வெப்பத்தால் இளகிய வண்ணப் படலம் கொப்புளிக்கும்.

ஆகவே, முதலில் துளையின் வாயைச் சுரண்டி அகலப்படுத்துங்கள். தூசியை நீக்கி, பாலியெஸ்டர் பட்டியை அழுத்தித் திணித்துக் காற்றை வெளியேற்றுங்கள். இறுகியபின் உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்து வண்ணம் பூசலாம். தேய்க்கும்போது கண்ணாடித் தூசி நுரையீரலை அடையாதவாறு முகமூடி அணிவது அவசியம்.