இமயத்தில் எந்தப் பாதை நமக்கு?

கோடை விடுமுறை நெருங்கினால் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் இமயமலை நடைப்பயணப் பேச்சு எழும். நண்பர்கள் உச்சியின் உயரத்தைக் கேட்பார்கள். நான் முதலில் பார்ப்பது, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கப்போகிறோம் என்பதைத்தான்.

தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து, மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் குறைகிறது. 3,000 மீட்டரைத் தாண்டினால், படுக்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று, நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வும் வேண்டும் என்கிறது மருத்துவம்.

இந்தக் கணக்கைப் போட்டுத்தான், சுமார் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள ரூப்குண்ட் ஏரியை விட்டு, உத்தரகண்டின் ஹர் கி தூன் பள்ளத்தாக்கை எங்கள் குடும்பத்துக்குத் தேர்ந்தெடுத்தேன். அது சுமார் 3,500 மீட்டர். ஆற்றை ஒட்டி, மலைக்கிராமங்கள் வழியே மெல்ல ஏறும் பாதை.

தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்குங்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவருக்கு ஏற்ற பாதையே நல்ல பாதை. பயணத் திட்டத்தில் ஒரு நாளை உபரியாக வையுங்கள். அவசரம் இல்லாதவருக்குத் திரும்பி வருவதும் எளிது.