வேகங் காக்கும் கருவி

காவிரியும் கொள்ளிடமும் இருபாலும் சூழ்ந்தோட, தீவென விளங்குவது திருவரங்கம். சித்திரைத் திங்களில் அங்கு நிகழும் தேர்த்திருவிழாவில், வடம் பிடித்து இழுப்போரின் ஆரவாரமே காண்பவர் கண்ணையும் செவியையும் முதலிற் கவரும். ஆயினும், தேர்ச் சக்கரத்தின் அருகே குனிந்தவாறு செல்லும் சிலரையும் உற்று நோக்குதல் வேண்டும். அவர் கையில் இருப்பது மரத்தாலாகிய முட்டுக்கட்டை. தேர் விரைந்தால் அதனைச் சக்கரத்தின்கீழ் இடுவர். வேகம் தணிந்தவுடன் எடுத்துவிடுவர். கட்டையை முந்தி இட்டால் தேர் நின்றுவிடும்; பிந்தி இட்டால் கட்டையையும் மீறி உருளும். இழுப்போரின் வலிமை எத்துணைப் பெரிதாயினும், தேர் பழுதின்றி நிலைக்கு வந்து சேர்வது இச்சிலரின் காலமறிந்த செயலாலேயே ஆகும்.

திருவரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து திருச்சிராப்பள்ளி நகருக்குள் வந்தால், அதன் ஒரு பகுதியாகிய பொன்மலையில் பெரியதொரு இரயில்வே தொழிற்சாலையைக் காணலாம். நாகப்பட்டினத்தில் இருந்த தொழிற்சாலை 1928ஆம் ஆண்டில் இங்கு மாற்றப்பெற்றது. நீராவி எஞ்சின்களைப் பழுது பார்த்த கைகள் பின்னர் டீசல் எஞ்சின்களையும் பழுது பார்க்கத் தேர்ந்தன. ஒவ்வொரு டீசல் எஞ்சினிலும், தேரின் முட்டுக்கட்டைக்காரர் செய்யும் வேலையைச் செய்வதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதனைக் கவர்னர் என்பர். இச்சொல் ஆளுநரைக் குறிப்பதாகவே பலரும் அறிவர். அதன் வேரைத் தேடிச் சென்றால், கிரேக்க மொழியில் கப்பலின் சுக்கானைப் பிடிக்கும் மீகாமனைக் குறித்த சொல்லொன்றில் முடியும். கருவிக்கு அப்பெயர் மிகவும் பொருந்துவதே.

1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் என்னும் அறிஞர் தம் நீராவி எஞ்சினில் இரண்டு இரும்புக் குண்டுகளைக் கீல்கொண்ட கைகளில் தொங்கவிட்டுச் சுழலச் செய்தார். எஞ்சின் விரைந்தால் குண்டுகள் விலகி உயரும். அவ்வசைவு நீராவி வரும் வழியைச் சிறிது அடைக்கும். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும். வழி மீண்டும் திறக்கும். டீசல் எஞ்சினில் நீராவிக்கு மாறாக எண்ணெயின் அளவே கூட்டிக் குறைக்கப்படுகிறது. சிறு எடைகளின் அசைவை எண்ணெய் அழுத்தத்தாற் பெருக்கிக்கொள்ளும் கவர்னர்கள் உண்டு. பற்சக்கரம் ஒன்றின் பற்கள் தன்னைக் கடந்து செல்வதை உணரியால் எண்ணி வேகத்தை அறியும் மின்னணுக் கவர்னர்களும் உண்டு. வடிவம் வேறாயினும் தொழில் ஒன்றே.

இத்தகைய டீசல் எஞ்சினோடு ஜெனரேட்டரை இணைத்து அணுமின் நிலையங்களில் ஆயத்தமாக வைத்திருப்பர். மின்சாரம் ஆக்கும் இடத்திற்கே மின்சாரம் இல்லாமற் போகுமோ என மாணவர் ஐயுறலாம். போவது உண்டு. கல்பாக்கத்தின் இரண்டு அணு உலைகள் 1984, 1986ஆம் ஆண்டுகளில் வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கின. அத்தகைய உலையொன்று திடீரென நிறுத்தப்படும்பொழுது வெளியிலிருந்து வரும் மின்சாரமும் அற்றுப்போகுமாயின், உலையைக் குளிர்விக்கும் பம்புகள் நின்றுவிடும். அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டால் தீ அடங்கும். அணு உலையோ அவ்வாறு உடனே அடங்குவதன்று. பிளவு நின்ற பின்னரும் எரிபொருளில் எஞ்சிய கதிரியக்கப் பொருள்கள் வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு இருக்கும். ஒரு நாள் கழிந்த பின்னரும் இருநூற்றில் ஒரு பங்கு அளவிற்கு இருக்கும். சிறு பங்குதானே என்று நீரை நிறுத்திவிட இயலாது.

1993ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் விடியுமுன், உத்தரப் பிரதேசத்தில் உள்ள நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைனின் தகடுகள் ஒடிந்து தீ மூண்டது. கேபிள்கள் எரிந்தமையால் டீசல் ஜெனரேட்டர்களும் பயன்படாமற் போயின. ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையம் மின்சாரமின்றி இருந்தது. பணியாளர்கள், தீயணைப்பதற்கென வைத்திருந்த டீசல் பம்புகளை இயக்கி, உலையின் வெப்பத்தை ஏற்கும் நீராவிக் கலங்களுக்கு நீர் செலுத்திக் காத்தனர். அத்தகைய நீராவிக் கலங்களை நம் நாட்டு அணுமின் நிலையங்களுக்கென ஆக்கித் தந்த தொழிற்சாலைகளுள் ஒன்று, திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூரில் உள்ள பாரத மிகுமின் நிறுவனமாகும். 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் சப்பானில் உள்ள புகுசிமாவில் நேர்ந்தது இதனினும் கொடிது. நிலநடுக்கத்தால் வெளி மின்சாரம் அற்றவுடன் டீசல் ஜெனரேட்டர்கள் பிழையின்றி ஓடத்தொடங்கின. ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களில் ஆழிப்பேரலை புகுந்தது. ஒன்றொழிய ஏனையவை யாவும் பயனற்றன; மூன்று உலைகளில் எரிபொருள் உருகிற்று.

எஞ்சின் ஓடினாற் போதாது. குறித்த வேகத்தில் ஓடுதல் வேண்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. நான்கு துருவங்களையுடைய ஜெனரேட்டர் ஒரு முறை சுழன்றால் இரண்டு அலைவுகள் தோன்றும். ஆகவே அது நிமிடத்திற்கு 1500 முறை சுழலவேண்டும். வேகம் குறைந்தால் பம்புகளும் மெல்லச் சுழன்று நீரின் அளவு குறையும். அழுத்தமோ அதனினும் மிகுதியாகக் குறையும். வேகம் எல்லை கடந்து மிகுந்தாலோ, எஞ்சின் சிதறாவண்ணம் காக்க அமைந்த தடை அதனை அடியோடு நிறுத்திவிடும். வேண்டிய பொழுதில் காவலே காவலன் கையைக் கட்டியதாய் முடியும்.

இனி, கவர்னருக்கு உண்டாகும் நோயைக் காண்போம். மானியின் ஊசி 50இல் நில்லாது, 49, 51, 49, 51 என ஓயாது ஊசலாடும். எஞ்சினின் ஒலியும் உயர்ந்து தாழ்ந்து முனகும். இதனை ஆங்கிலேயர் ‘வேட்டையாடுதல்’ என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். தனக்குரிய வேகத்தை அங்குமிங்கும் தேடி அலைதலின் அப்பெயர் போலும்! இந்நோய்க்கு மூலம் காலத்தாழ்வு. வேகம் தாழ்ந்தது கண்டு கவர்னர் எண்ணெயைக் கூட்டுகிறது. கூட்டிய எண்ணெய் எரிந்து, கனத்த சக்கரத்தை விரைவுபடுத்தச் சிறிது பொழுது ஆகும். அதற்குள் பொறுமையற்ற கவர்னர் மேலும் எண்ணெயைக் கூட்டிவிடும். வேகம் 50ஐத் தொடும்பொழுது எண்ணெய் மிகையாய் இருக்கும். ஊசி மேலே தாவும். பின்பு அதே பிழை மறுதலையாக நிகழும். இவ்வூசலாட்டம் எப்பொழுது தானே ஓயும், எப்பொழுது பெருகும் என்பதைக் கணித முறையால் ஆராய்ந்து, 1868ஆம் ஆண்டில் கட்டுரை வரைந்தார் மாக்சுவெல் என்னும் பேரறிஞர்.

ஊசலாட்டம் கண்டவுடன் கவர்னரைக் கழற்றத் தொடங்குவது பலர் செய்யும் பிழை. தேர் தள்ளாடினால் முட்டுக்கட்டைக்காரரே காரணம் என்று கொள்ளலாமா? அச்சு தேய்ந்திருக்கலாம், வீதியில் பள்ளம் இருக்கலாம். ஆகவே தேர்ந்த பொறியாளர் முதலில் ஒரு சோதனை செய்வார். எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சட்டத்தை, கூட்டும் பக்கத்தில் மட்டும் மேலே செல்லாதபடி தடுத்து வைப்பார். குறைக்கும் பக்கம் திறந்தே இருக்கும். அதனையும் தடுத்துவிட்டால், சுமை திடீரென நீங்குமிடத்து எஞ்சின் கட்டுக்கடங்காது விரையும். இவ்வாறு தடுத்த பின்னரும் வேகம் அலையுமாயின், குற்றம் கவர்னரிடத்தில் இல்லை. எண்ணெய்க் குழாயிற் காற்று புகுந்திருத்தல், வடிகட்டி அடைத்திருத்தல், எண்ணெயைச் சீறித் தெளிக்கும் மூக்குகளுள் ஒன்று பழுதாயிருத்தல் முதலியவற்றை ஆராய்வார். அலைவு நின்று, தடையை எடுத்ததும் மீண்டும் தோன்றுமாயின், கவர்னரையோ அதனைச் சட்டத்தோடு இணைக்கும் கோல்களையோ ஐயுறுவார்.

கோல்களின் முளைகள் தேய்ந்திருப்பின், கவர்னர் அசைந்தும் சட்டம் அசையாத சிறு இடைவெளி உண்டாகும். பிடி தளர்ந்த மண்வெட்டியால் வரப்பைச் செதுக்குவோன் படும் பாடு அதற்கு நேரும். மின்னணுக் கவர்னராயின், பற்சக்கரத்தின் அருகில் உள்ள உணரியில் இரும்புத் துகள் படிந்துளதா, கம்பி தளர்ந்துளதா என நோக்குவார். ஒற்றன் பொய் உரைத்தால் அரசன் செய்யும் ஆணையும் பொய்யாகவே முடியுமன்றோ?

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கவர்னரில் பெரும்பாலும் பகை காற்றே. எண்ணெய் அமுங்காது; காற்று அமுங்கும். உள்ளே காற்றுக் குமிழி தங்கினால் கட்டளை உடனே சென்று சேராது. அதற்குச் செய்யும் மருத்துவம் வியப்பிற்குரியது. பொறியாளர், கவர்னரில் உள்ள ஊசித்திருகைச் சில சுற்றுகள் திறந்துவிடுவார். எஞ்சின் முன்னிலும் மிகுதியாக ஊசலாடும். நோயை வளர்க்கிறாரே என்று அருகில் நிற்போர் அஞ்சுவர். அவர் அரை நிமிடம் வாளா நிற்பார். அவ்வூசலாட்டமே எண்ணெயை முன்னும் பின்னும் தள்ளி, தங்கிய காற்றை வெளியேற்றும். பின்னர்த் திருகை மெல்ல மெல்ல மூடி, ஊசலாட்டம் எவ்விடத்தில் அடங்குகிறதோ அவ்விடத்தில் நிறுத்துவார். அதற்கும் மேல் இறுக மூடுதல் ஆகாது. மூடினால் ஊசி அலையாது என்பது மெய். ஆயின் பெரிய பம்பொன்றைச் சேர்த்தவுடன் தாழ்ந்த வேகம் மீண்டு வர நெடும்பொழுது ஆகும். அமைதியாகத் தோன்றும் கவர்னர் சோம்பல் கொண்ட கவர்னராகவும் இருத்தல் கூடும்.

எண்ணெயை மாற்றுதல், திருகைத் திருப்புதல், முளையை மாற்றுதல் ஆகிய மூன்றையும் ஒரே நாளிற் செய்து நோய் தீர்ந்ததாக மகிழ்பவர், எதனால் தீர்ந்தது என்பதை அறியார். அடுத்த முறை மீண்டும் மூன்றையும் செய்யவேண்டியதுதான். ஆதலின் ஒன்றைச் செய்து, ஓட்டிப் பார்த்து, ஏட்டில் எழுதிய பின்னரே அடுத்ததைத் தொடுவர். இப்பணி நடக்கும்பொழுது நிலையத்தைக் காக்க வேறு ஜெனரேட்டர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இறுதியில், நிறுத்தி வைத்த நிலையிலிருந்து எஞ்சின் கிளப்பப்படும். அது உரிய வேகத்தை அடைந்ததும் சுமைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்படும். பெரிய பம்பு சேரும் கணத்தில் எஞ்சின் ஒருமுறை உறுமும். ஊசி தாழும், 50ஐச் சிறிது கடக்கும், பின் திரும்பி நிற்கும். எவ்வளவு தாழ்ந்தது, எத்தனை நொடியில் மீண்டது என்பவற்றை ஏட்டிற் குறித்துக்கொண்டு, அடுத்த பம்பிற்குச் சைகை காட்டுவார் பொறியாளர்.