கம்பத்தைக் கழற்றிய இறக்கை

2012 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஜபாட்டாவிலிருந்து கிளம்பிய டஸ்டின் மார்ட்டின், 764 கிலோமீட்டர் தாண்டிப் போய் இறங்கினார். அவர் ஓட்டியது ஹேங் கிளைடர். அதில் இன்ஜின் கிடையாது. இழுவிமானம் வானில் விட்டபின் அவரைச் சுமந்தது வெயிலில் சூடேறி எழும் காற்றுதான். அன்றே பறந்த ஆஸ்திரேலியர் ஜானி டுராண்ட் சுமார் மூன்று கிலோமீட்டர் முன்னதாக இறங்கினார்.

1963-இல் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டனில் ஜான் டிக்கென்சன், முக்கோணக் கைப்பிடிச் சட்டம் பொருத்திய இறக்கையைப் பறக்கவிட்டார். அந்தக் கால இறக்கைகள் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் நான்கு மீட்டர் முன்னேறினாலே பெரிது. இன்றைய போட்டி இறக்கைகள் பதினைந்து மீட்டர் வரை போகின்றன.

இந்தத் தாவலுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் துணிச்சலானது, இறக்கையின் நடுவே மேலே நின்ற கம்பத்தை 1990-களில் கழற்றி எறிந்தது. கம்பத்திலிருந்து இருபுறமும் போன கம்பிகள் மெல்லியவைதான். ஆனாலும் வேகம் கூடக்கூடக் காற்றில் பலமாக இழுக்கும். தரையில் இறக்கை தொங்கிவிடாமல் தாங்கியவையும் அவையே. அந்தச் சுமையைப் பாய்க்குள் மறைந்திருக்கும் கார்பன் இழைக் குறுக்குத்தண்டு ஏற்றுக்கொண்டது. அதே தண்டை ஒரு கயிற்றால் பின்னுக்கு இழுத்து, பறக்கும்போதே பாயை விறைப்பாக்கலாம். விறைத்த இறக்கை நன்றாக மிதந்து போகும். ஆனால் திருப்புவது கடினம். அதனால் இறங்கும்முன் கயிற்றைத் தளர்த்திவிடுவார்கள்.

கம்பத்துக்கு உயிர்காக்கும் வேலை ஒன்றும் இருந்தது. ஹேங் கிளைடருக்கு வால் இல்லை. மூக்கு திடீரெனக் கவிழ்ந்தால் அதை நிமிர்த்த வேண்டியது இறக்கையேதான். கம்பத்திலிருந்து பின்விளிம்புக்குப் போன கயிறுகள், பாய் அளவுக்கு மீறிக் கீழே படியாமல் பிடித்திருந்தன. இப்போது நுனிகளின் அருகே பாய்க்குள் இருக்கும் 'ஸ்ப்ராக்' என்னும் சிறு தண்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன. இறக்கை பின்சாய்ந்திருப்பதால் நுனிகள் எடைமையத்துக்குப் பின்னால் அமைகின்றன. ஸ்ப்ராக் அங்கே பின்விளிம்பை உயர்த்தித் தாங்கும்போது, காற்று நுனியைக் கீழே அழுத்தும், மூக்கு எழும். தாங்காவிட்டால் கிளைடர் முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துவிடும். இத்தனை சிறிய உறுப்பிடம் இவ்வளவு பொறுப்பா என்று வியக்காமல் இருக்க முடியவில்லை.

சிக்கலும் இங்கேதான். ஸ்ப்ராக்கைச் சற்றே தாழ்த்தினால் இறக்கையின் முறுக்கு குறைந்து, வேகமான பாய்ச்சலில் உயர இழப்பு குறையும்; பாதுகாப்பும் அதே அளவு கரையும். வெற்றிக்காக ஓடுபவர்களுக்கு இது பெரிய சபலம். சர்வதேசப் போட்டிகளில் நடுவர்கள் ஸ்ப்ராக்கின் கோணத்தைக் கருவி வைத்து அளக்கும் முறை அதனால்தான் வந்தது. உண்மையில் அது விமானிகளைக் காக்கும் விதி. குறைந்தபட்சக் கோணம் எல்லோருக்கும் கட்டாயம் என்றால், பாதுகாப்பை மதிப்பவர் அதற்காகப் போட்டியில் பின்தங்க வேண்டியதில்லை.